பைற்ஸ் அண்ணையும் பச்சைப் பூப் பேணியும்

குருநகரில் எந்த மூலையில் போத்தில் மூடி திறந்தாலும், குடிக்கிறவன் முதல் மிடறை விழுங்குவதற்கு முன்னம் ஒரு தட்டோடு அங்கே வந்து நிற்கக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பேர் வைத்திருப்பார்கள். கோயில் பதிவுப் புத்தகத்துக்கு வெளியே அது யாருக்கும் ஞாபகமில்லை. ஊருக்கு அவர் பைற்ஸ் அண்ணை. குடிக்கும்போது கூடக் கொறிக்கிற சாமானுக்கு எங்கள் ஊரில் பைற்ஸ் என்று பேர். கணவாய்ப் பிரட்டல், சுறா வறை, பொரித்த நெத்தலி, அவித்த கடலை என்று அது ஒரு தனி உலகம். கலியாண மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆம்பிளைகள் ஒளித்துக் குடிப்பார்களே, அங்கே ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடு இவர் குந்தியிருப்பார். அதுதான் அவருடைய தொழில்.

இதிலே நம்ப முடியாத சங்கதி என்னவென்றால், இந்த மனிசன் பிறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கள்ளு இல்லை, சாராயம் இல்லை, யேசு பிறந்த நத்தாருக்கு வீட்டில் செய்கிற வைன்கூட இல்லை. ஏனென்று கேட்டால், சமைக்கிறவன் குடித்தால் உப்புப் பிழைக்கும் என்பார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வராது.

பிறகு எந்தக் குடிக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துத்தான். முதல் மிடறு உள்ளே போகும்போது குடிக்கிறவனின் முகத்தைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கண் சுருங்கினால் சட்டியில் தேசிக்காய் விழும். தொண்டை எரிந்து வாய் திறந்தால் கணவாயில் தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அது தண்ணி கலந்த சாமான் என்று விற்றவனுக்கே ஆள் அனுப்பிவிடுவார். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் நல்ல விஸ்கியில் சிவப்புக் கலர்ச் சோடாவை ஊற்றிக் குடித்தார். அண்ணை சட்டியை மூடிப்போட்டு, உள்ளே போய் ஒரு கதலி வாழைப்பழம் எடுத்துவந்து கொடுத்தார். "இவருக்கு இது காணும்" என்றார். உத்தியோகத்தரும் உரித்துச் சாப்பிட்டார், பாவம், வேறென்ன செய்வது.

என் வீடு அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். என்னைக் கட்டின என்ரை மனிசன் குடிக்கிறதில்லை என்று பதினாறு வருடம் நம்பியிருந்த விசரியும் நான்தான். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, மதிலுக்கு மேலால் ஒரு கை வந்தது. கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கச் சுறா வறை. "ரீச்சர், உந்தத் தட்டைத் தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை குடுத்துவிடுங்கோ, ஆறப்போகுது" என்று குரல். போய்ப் பார்த்தால் தாங்கிக்குப் பின்னால் என்ரை மனிசன் கிளாசும் கையுமாக நிற்கிறார். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வருடம் பைற்ஸ் அண்ணையோடு கதைக்கவில்லை. நான் அந்த நத்தாருக்கு அண்ணைக்கு இரண்டு கேக் அனுப்பினேன்.

கோயில் பங்குச் சுவாமிகூட அவரை ஒருமுறை பிடித்துக் கேட்டாராம், குடிகாரருக்கு உதவி செய்கிறோமே என்று மனம் குத்தவில்லையா என்று. வெறும் வயிற்றில் குடிக்கிறவன்தான் முதலில் சாகிறான், தான் உயிர் காக்கிற தொழில்தான் செய்கிறேன் என்று அண்ணை மறுமொழி சொன்னாராம். சுவாமி வாற பெருநாள் விருந்துக்கு இறால் வடை போடச் சொல்லிவிட்டுப் போனாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரேயொரு மகள், டிலக்சி. நான் படிப்பித்த பிள்ளை. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு இலண்டனில் மாப்பிள்ளை பொருந்தியது. அன்ரன் என்று பேர், எங்கள் பங்கிலிருந்தே போன குடும்பம், அங்கே பிறந்த பிள்ளை. இரண்டு வருடம் போனில் கதைத்துப் பழகி, பிறகு பெரியவர்கள் கதைத்து முடித்த சம்பந்தம். எல்லாம் சரி. பெடியனுக்கு என்ன வேலை என்று கேட்டபோதுதான் தெருவே திரும்பத் திரும்பக் கேட்டது. பியர் காய்ச்சுகிறானாம். ஒரு சின்னத் தொழிற்சாலையில், தன் கையால். சொட்டுக் குடிக்காத மனிசனுக்கு வந்து வாய்த்த மருமகனைப் பாருங்கள்.

அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் டிலக்சியின் தாயோடு கூடப்பிறந்த அண்ணன். நாலு வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டியார். அவர் தலையாட்டாமல் அங்கே பூனைகூடக் குட்டி போடாது. அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் முழுத் திருப்தியில்லை. ஆனாலும் மருமகளின் முகத்துக்காகத் தலையாட்டினார். கோயிலில் மூன்று ஞாயிறும் கலியாண அறிக்கை வாசித்தாகிவிட்டது.

கலியாணத்துக்கு நாலு நாள் முந்திப் பெண் வீட்டில் பலகாரச் சூடு. சொந்தக்காரப் பெண்களெல்லாம் கூடி, முற்றத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடுகிற நாள். அன்றைக்கு மாப்பிள்ளை அந்தப் பக்கம் வருகிற வழக்கமில்லை. இலண்டனில் பிறந்த பிள்ளைக்கு அதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? பின்னேரம் மூன்று மணிக்கு ஓட்டோவில் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினான். திறந்தால் உள்ளே இரண்டு டசின் பியர்ப் பேணி, தகரத்தில் அடைத்தது. ஒவ்வொரு பேணியிலும் பச்சை நிறத்தில் ஒரு பூ. பூவுக்குக் கீழே கொட்டை எழுத்தில், அதுவும் தமிழில், "டிலக்சி" என்று அடித்திருந்தது.

டிலக்சியின் தாய்க்குக் கண்ணகப்பை கையிலிருந்து நழுவிவிட்டது. பெற்ற பிள்ளையின் பேரைப் பியர்ப் பேணியில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறானே என்று மாதாவைக் கூப்பிட்டாள். கலியாணத்துக்கென்றே தான் தனியாகக் காய்ச்சினது, வேறெங்கும் விற்கிறதில்லை என்று பெடியன் தட்டித் தடவிச் சொன்னான். டிலக்சி மட்டும் மாவு பூசின கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது என்று எனக்கு விளங்கியது.

ஆம்பிளைகள் வீட்டுக்குப் பின்னால் போய்க் கதிரை போட்டு இருந்தார்கள். பைற்ஸ் அண்ணை அடுப்பை மூட்டிச் சட்டியில் எண்ணெய் விட்டு, அகப்பையோடு ஆயத்தமாகக் குந்தினார். முதல் கிளாஸ் சம்மாட்டியாருக்கு. அவர் மணந்து பார்த்துவிட்டு, நல்ல தோடம்பழ வாசம், இது பெண்களுக்குக் கொடுக்கிற சாமான்போலை என்று பகிடி விட்டுக்கொண்டு ஒரு பெரிய மிடறு இழுத்தார். பக்கத்தில் நின்ற என்ரை மனிசன் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதலில் சம்மாட்டியாரின் வாய் மூடியது. பிறகு கண் பெரிதானது. பிறகு இரண்டு காதும் பின்னுக்குப் போனதாம். புயலுக்குள் வள்ளம் ஓட்டிக் கரை சேர்ந்த மனிசன், கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் இருந்தாராம்.

மற்றவர்களும் குடித்தார்கள். ஒருவர் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். இன்னொருவர் முருங்கை மரத்தடியில் இரகசியமாக ஊற்றினார். என்ரை மனிசன் விழுங்கிவிட்டு, தன்னுடைய பழைய பாவங்களையெல்லாம் நினைத்தாராம். அன்ரன் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்று, எப்படியிருக்கு, எப்படியிருக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் நல்லது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, கூடாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. பைற்ஸ் அண்ணை ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்குக் கண்ணை மாற்றிக்கொண்டேயிருந்தார். சட்டியில் ஒன்றும் விழவில்லை. எண்ணெய் புகைந்தது. ஒரு முகத்தையும் வாசிக்க முடியாமல் அவர் திகைத்து நின்றதை ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

யாரோ மெல்லச் சொன்னார்கள், இது பியர் மாதிரி இல்லை, மருந்து மாதிரியல்லோ கிடக்கு என்று. சம்மாட்டியார் நிமிர்ந்தார். அவருடைய தகப்பன் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து, ஒரு காலையும் எடுத்து, படுக்கையில் கிடந்து செத்தவர். அந்த வீட்டில் பாகற்காய்ச் சாறும் வேப்பிலைச் சாறும் வருடக்கணக்காக இடித்துக் கொடுத்தவர்கள். கைப்பு என்றாலே சம்மாட்டியாருக்கு அந்த அறை வாசம்தான் ஞாபகம் வரும். பேணியைத் தூக்கிப் பார்த்தார். பேரைத் தவிர எல்லாம் இங்கிலீசு. "ரீச்சரைக் கூப்பிடுங்கோ" என்றார்.

இனி வருகிற பிழை முழுக்க என்னுடையது. பெண்கள் போகாத அந்தப் பின்பக்கத்துக்கு நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய பண்டிதை மாதிரிப் போனேன். நூற்றுக்கு ஒன்பது வீதம் மதுசாரம் என்றிருந்தது. ஹொப்ஸ் என்று ஒரு சொல் மூன்று இடத்தில் இருந்தது. போனைத் தட்டிப் பார்த்தேன். அது ஒரு கொடியின் பூ, கைப்புக்காகப் போடுகிறது என்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? பழைய காலத்தில் இதை மருந்தாகவும் பாவித்தவர்களாம் என்று வாசித்துச் சொல்லிவிட்டேன். ருசியையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். தேக்கரண்டியில் ஊற்றி வாயில் வைத்தேன். முதலில் தோடம்பழத் தோல். பிறகு மாங்காய்க் காம்பை உடைத்தால் வருமே ஒரு பால், அந்த வாசம். பரவாயில்லையே என்று நினைக்க, அடிநாக்கிலிருந்து ஒரு கைப்பு எழும்பி வந்தது பாருங்கள், அது போகவேயில்லை. என் கண்ணிரண்டும் கலங்கியதை எல்லாரும் கண்டார்கள். மருந்துதான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

பின்பக்கத்துக் கதை முன்பக்கத்து எண்ணெய்ச் சட்டிக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. போய்ச் சேரும்போது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சீனி வருத்தம், குணமாகத்தான் பூச்சாறு குடிக்கிறான். ஒரு பெண் சொன்னாள், வந்தவுடன் சீனி போட்ட பயத்தம் பணியாரம் நீட்டினேன், வேண்டாம் என்று கையைப் பின்னுக்கு எடுத்தானே. இன்னொருத்தி சொன்னாள், அவனுடைய சட்டைப் பையில் எழுதுகிற பேனை மாதிரி ஒரு சாமான் குத்தியிருக்கு, அது சீனிக்கு ஊசி போடுகிறது, என்ரை மச்சாளும் அதுதான் வைத்திருக்கிறாள். மூன்று சாட்சியும் சேர்ந்துவிட்டது. நேரே அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற கதை. எங்கள் ஊரில் நேரே கேட்கிற வழக்கமில்லை.

சம்மாட்டியார் எழும்பினார். "மச்சான், இருபத்தெட்டு வயசிலை இதெண்டால் நாப்பதிலை பிள்ளை என்ன செய்வாள்? மறைச்சுப்போட்டு வந்திருக்கினம். கலியாணம் வேண்டாம். நான் சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுறன்." பைற்ஸ் அண்ணை அகப்பையால் வெறும் எண்ணெயைக் கிண்டிக்கொண்டிருந்தார். டிலக்சி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சத்தம் போட்டு அழுகிற பிள்ளையில்லை அவள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய நின்றாள். அன்ரனுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தான் கொண்டுவந்த பியர் யாருக்கும் பிடிக்கவில்லை என்பது மட்டும் விளங்கியிருக்க வேண்டும். கையில் ஒரு பேணியோடு முருங்கையடியில் தனியே நின்றான். எனக்கு என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பைற்ஸ் அண்ணை அகப்பையை வைத்துவிட்டு எழும்பி அவனிடம் போனார். தம்பி, இதை நீங்கள் என்னத்தோடை சாப்பிடுவீங்கள் என்று கேட்டார். அன்ரன் தலையை ஆட்டினான். "தெரியாது மாமா. உங்களுக்கெண்டுதான் காச்சினனான். அப்பாவுக்குத்தான் ருசி தெரியும் எண்டு டிலக்சி சொன்னவா. நீங்கள் குடிச்சிட்டுச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

அப்பா குடிக்கிறதில்லை என்பதை அந்தப் பிள்ளை அவனுக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். அண்ணை குசினி வாசலை ஒருக்காப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த பேணியை வாங்கினார். சிலுவை அடையாளம் போட்டார். முன்பக்கத்துப் பெண்கள் பலகாரத்தைச் சட்டியில் கருகவிட்டு ஓடி வந்தார்கள். ஐம்பத்தெட்டு வருடம் சொட்டுப் படாத வாய், கஞ்சி குடிக்கிறமாதிரி, நிறுத்தாமல், கடகடவென்று முழுப் பேணியையும் குடித்தது. குடிக்கத் தெரிந்தவன் இடையில் நிறுத்துவான். இவருக்கு நிறுத்துகிறதென்று ஒன்று இருப்பதே தெரியாது. "மாமா, மெதுவா, அது சரியான ஸ்ரோங்" என்று பெடியன் பதறினான். அதற்குள் பேணி வெறுமையாகிவிட்டது. என்ரை மனிசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு அதிர்ச்சி, கலியாணமாகி இத்தனை வருடத்தில் ஆட்கள் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "உப்புக் கேக்குது. உறைப்புக் கேக்குது. ஆனால் முதலிலை தன்ரை ஆளைத் தேடுது" என்றார். விறுவிறு என்று வீட்டுக்குள் போய் ஒரு பெரிய போத்திலைத் தூக்கி வந்தார். வேப்பம்பூ வடகம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு ஏது? வேப்பம்பூவை உழுந்தோடும் வெங்காயத்தோடும் பிசைந்து தட்டிக் காயவைத்து, பொரித்துச் சோற்றோடு தின்கிறோம். அள்ளிச் சட்டியில் போட்டார். மேலே நெத்தலிக் கருவாடு, செத்தல் மிளகாய். வடித்தெடுத்துச் சம்மாட்டியார் முன்னால் கொண்டுபோய் நீட்டினார். முதல் இதைக் கடி, பிறகு குடி என்றார். அந்தக் குரலில் அவர் மச்சானுடன் கதைத்து நான் கேட்டதில்லை. ஒன்பது வீதம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

சம்மாட்டியார் கடித்தார். குடித்தார். திரும்பக் கடித்தார். காது இருந்த இடத்திலேயே இருந்தது.

"உதுவும் கைக்கிற பூதான், மச்சான். நெடுகத் தின்னுறாய். உனக்குச் சீனியோ?" என்றார் அண்ணை. பிறகு அந்தத் தெருவில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தார். பெடியனிடம் நேரே கேட்டார். "தம்பி, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

அன்ரன் முழித்தான். இல்லை மாமா, ஏன் என்றான். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் காட்டினான். அது பியரின் சூட்டைப் பார்க்கிற கருவி. அதைச் சம்மாட்டியாரின் கிளாசுக்குள்ளேயே விட்டுப் பார்த்துவிட்டு, நல்லாய்ச் சூடாகிவிட்டது, அதனால்தான் கைப்பு இவ்வளவு தூக்குது என்று கவலைப்பட்டான். பணியாரம் ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டதற்கு, வாய் இனித்தால் பியரின் ருசி பிழைக்கும், எல்லாருக்கும் ஊற்றும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன் என்றான். அண்ணை அப்படியே நின்று அவனைப் பார்த்தார். "கேட்டியே மச்சான், இவன் தொழில் தெரிஞ்சவன்" என்றார். ஒரு பெண் பயத்தம் பணியாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்ரன் எட்டுச் சாப்பிட்டான். எண்ணிக்கொண்டிருந்தவள் அந்த ஊசிக் கதை சொன்னவள்தான்.

பிறகு என்ன, கலியாணம் இருந்த இடத்திலேயே இருந்தது. மிச்சப் பேணிகளைக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்தார்கள். வடகம் மூன்று முறை பொரிபட்டது. சம்மாட்டியார் இரண்டாவது கிளாசுக்குத் தானே கையை நீட்டினார். டிலக்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அன்ரனுக்குப் பக்கத்தில் நின்று அவனை வையத் தொடங்கினாள். அந்த இரைச்சலில் பைற்ஸ் அண்ணையைக் காணவில்லை.

வளவின் கோடியில், வாழைகளுக்குப் பின்னால், ஒரு கவிழ்த்த ஓலைக் கடகத்தின் மேல் அவர் இருந்தார். நான் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரீச்சர், உங்களுக்கு மட்டும் சொல்லுறன். மச்சான் எழும்பிக் கலியாணம் வேண்டாம் எண்டு சொன்னவர் எல்லோ. அப்ப எனக்கு உள்ளுக்கை சந்தோசமா இருந்தது."

அந்தப் பியர் கொடுத்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"பிள்ளை இஞ்சையே நிண்டிடுவாள் எண்டு நினைச்சன்" என்றார்.

பேந்து ஏன் அண்ணை குடிச்சனீங்கள் என்று கேட்டேன்.

"அவள் அழுதவள், ரீச்சர்."

தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார், இதைக் குடிச்சால் கண்ணாலை தண்ணி வரும் போலை என்றார். ஓம், சரியான ஸ்ரோங் எண்டு தம்பி முதலே சொன்னவர்தானே என்றேன். அப்பா எங்கை, அப்பாவைக் கண்டனீங்களோ என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு டிலக்சி எங்கள் பக்கமாக வருவது கேட்டது. நான் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடவுள் எனக்குத் தாராளமாகத் தந்த உடம்பால் அவரை மறைத்தபடி, வாழைக்கு முன்னால் வந்து நின்றேன்.